ஒன்பதாம் பீப்பாயும் நத்தின் பங்கும்

ஒரு தெய்வத்துக்குக் குடிப்பழக்கத்தை ஏற்படுத்திவிட்டேன் என்று நான் ஐந்து மாதத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். வருத்தப்பட்டேன் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதுவரைக்கும் நான் எதையும், யாருக்கும், தொடர்ந்து ஐந்து மாதம் செய்ததில்லை.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று அம்மா சொல்வாள். இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் எது முதல் என்று தெரியவில்லை.) அதன் பிறகு பதினோரு வேலை பார்த்தேன். ரங்கூனில் (நாங்கள் வீட்டில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம்) க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை தூக்கினேன். டீக்கடையில் கோப்பை கழுவினேன். பஸ் படியில் தொங்கிக்கொண்டு நிறுத்தங்களின் பெயரைக் கத்தினேன். இரண்டு பெயரை மாற்றிக் கத்தியதால் அதுவும் போயிற்று. ஒரு மழைக்காலத்தில் ஒரு இழுவைப் படகில் சமையல்காரனாக இருந்தேன். அடுப்பு நனைந்தே கிடந்ததால் பெரும்பாலும் சமைக்கவில்லை. பட்டினி கிடந்திருக்கிறேன், பாலத்தடியில் தூங்கியிருக்கிறேன். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலத்தடியில் மழை விழாது.

இருபத்தேழு வயதில் எனக்குச் செல்வியின் மேல் ஆசை வந்தது. செல்வி கியாக்டடாவில் ஒரு கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை பார்த்தாள். என் கைப்பேசி ஒரே மாதத்தில் ஆறு தடவை பழுதானது. ஆறு தடவையும் நான்தான் பழுதாக்கினேன். ஏழாவது தடவை அவள் அதைக் கையில் வாங்கவேயில்லை.

“இந்த ஃபோன் பாவம். விட்டுருங்க. எங்கப்பா கிட்டப் போய்க் கேளுங்க” என்றாள். பாதியைப் பர்மிய மொழியிலும் பாதியைத் தமிழிலும் சொன்னாள். “அப்பா கிட்ட” என்பது மட்டும் தெளிவான தமிழாக இருந்தது.

அவளுடைய அப்பா பெருமாள், பசுந்தாங்கில் பீப்பாய் செப்பனிடுபவர். பிராந்திப் பீப்பாய். மரப்பலகையைச் சீவி, வளையத்தைத் தட்டி, ஒழுகாமல் கட்டுவார். ரங்கூனில் அந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று சொன்னார்கள். அதைவிடப் பெரிய புகழ் இன்னொன்று இருந்தது. வாழ்நாளெல்லாம் பிராந்திப் பீப்பாயோடு புழங்கியும் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். கோயில் திருவிழாவில் யாராவது தள்ளாடி வந்தால் அவரைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள்.

“என்ன வேலை பாக்குற?” என்று கேட்டார்.

“இப்ப சும்மாத்தான் இருக்கேன் மாமா.”

“மாமாவா? அதுக்குள்ளயா?”

“சும்மாத்தான் இருக்கேன் ஐயா.”

“இதுவரைக்கும் ஒரே வேலையில எத்தன நாளு நின்னிருக்க? அதிகமா சொல்லு.”

“நாலு மாசம். மோல்மேன் பக்கம், ரப்பர் தோட்டத்துல.”

“ஏன் விட்டுட்ட?”

“மலேரியாக் காய்ச்சல் சரியாயிடுச்சு ஐயா. எந்திரிச்சு நடக்க முடிஞ்சது. வந்துட்டேன்.”

அடுத்ததாக, குடிப்பேனா என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இருந்தது. பதினெட்டு வயதில் ஒரே ஒரு முறை படகுத்துறையில் கள் குடித்துவிட்டு, நின்றிருந்த ஒரு படகில் படுத்தேன். விழித்தபோது படகு துவாந்தேயில் இருந்தது. நான் மீன் விழுது ஜாடிகளுக்கு நடுவில் கிடந்தேன். ஒரு வாரம் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அன்றே முனீஸ்வரனிடம் சத்தியம் செய்துவிட்டேன், இனி தொடமாட்டேன் என்று. இன்றுவரை தொடவில்லை.

“அப்படின்னா ஒண்ணு செய்யி” என்றார் பெருமாள் ஐயா. “எங்க கொடோன்ல குடிக்காத ஆளாத் தேடுறாங்க. நான் சொல்லி வைக்கிறேன். ஆறு மாசம் நில்லு. ஒரு நாளு கொறையக் கூடாது. நின்னுட்டு வா, செல்வியப் பத்திப் பேசலாம்.”

ஆறு மாதம்தான். ஜெயிலில்கூட அதைவிட அதிகம் இருந்தவர்களை எனக்குத் தெரியும். சரி என்றேன்.

அந்தக் கிடங்கு டோ தான் நூ என்ற அம்மாளின் குடும்பத்துக்குச் சொந்தம். ஷான் மலையில் அவருடைய தாத்தா போட்ட திராட்சைத் தோட்டம் இருந்தது. அங்கேயே திராட்சையைப் புளிக்க வைத்து, செம்புப் பானையில் இரண்டு முறை வடித்து, ஓக் மரப் பீப்பாயில் நிரப்புவார்கள். நிரப்பும்போது அது தண்ணீர் மாதிரி இருக்கும். மரத்துக்குள் வருஷக்கணக்கில் கிடந்து தேன் நிறத்துக்கு வரும். மலைக் குளிரில் அது பழுக்க ரொம்ப நாள் ஆகிறது என்று தாத்தா பீப்பாய்களை லாரியில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டாராம். பசுந்தாங் ஓடைக்கரையில் பழைய அரிசி ஆலை ஒன்று அவருக்கு இருந்தது. மலையில் பத்து வருஷம் தூங்குவது இந்த வெக்கையில் நாலு வருஷத்தில் விழித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. நான் அதே ஓடைக்கரையில் ஒரு தகரக் கூரை அறையில் குடியிருந்ததால், அந்தக் கணக்கு சரி என்று எனக்குப் பட்டது. நானும் அங்கே வயதுக்கு மீறிப் பழுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

டோ தான் நூவுக்கு ஐம்பது வயதிருக்கும். கச்சிதமாகக் கட்டிய லோஞ்சி, கண்ணாடி, அதிகம் பேசமாட்டார். எல்லாரும் அவரைச் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி ஆசிரியைக்கும் முதலாளியம்மாவுக்கும் பர்மிய மொழியில் ஒரே மரியாதைச் சொல்தான். முருகேசு என்கிற எனக்குப் பர்மியப் பெயர் மியோ. அவர் மாங் மியோ என்பார். முதல் நாள் கிடங்கைச் சுற்றிக் காட்டினார். இருபத்து நான்கு பீப்பாய், இடுப்பு உயரத்துக்கும் குறைவானவை. சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டு வரிசையாகக் கிடந்தன. ஒழுகுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டும். தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். ருசி பார்க்க வருகிறவர்களுக்கு நீளமான கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, மேல் முனையைக் கட்டைவிரலால் அடைத்து, கொஞ்சம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கடைசியாக ஒன்று சொன்னார். (அவர் பேசியதெல்லாம் பர்மிய மொழி. நான் தமிழில் எழுதுகிறேன், இந்த முறையாவது ஒழுங்காக. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.)

“வாரா வாரம் நத்தின் பங்கு போகும். அது போகட்டும். அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று தாத்தா சொல்வார். நத்துக்குப் பங்கு போகாத கிடங்கில் பிராந்தி பழுக்காது.”

சொல்லிக்கொண்டே மேலே கையைக் காட்டினார்.

நத்து என்றால் இங்கே காவல் தெய்வம். வீட்டு நத்துக்குப் பர்மியர்கள் தென்கிழக்குத் தூணில் சிவப்புத் துணி கட்டி ஒரு தேங்காயைத் தொங்கவிடுவார்கள். அந்தக் கிடங்கிலும் ஒன்று தொங்கியது. அவர் கை காட்டிய திசையில்தான் தொங்கியது. அதற்கு மேலே கூரைக்கு அடியில் வரிசையாகக் காற்றுத் துளைகள் இருந்தன. அவர் காட்டியது அந்தத் துளைகளை. எனக்குத் தெரிந்தது தேங்காய்.

எனக்குப் பர்மிய மொழி சரியாகத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழைவிட நன்றாகவே தெரியும். அதுதான் பிரச்சினை. நத்து என்றால் நத்து, பங்கு என்றால் பங்கு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? எங்கள் முனீஸ்வரனுக்கு வருஷா வருஷம் சுருட்டும் சாராயமும் வைக்கிறோம். பர்மியர்களும் அதே முறையில்தான் இருக்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த நத்து குடிக்கிற நத்தா, தேங்காய்த் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிற நத்தா என்று நான் விசாரிக்கவில்லை. முனீஸ்வரனைக் கேட்டுக்கொண்டா ஊற்றுகிறோம்?

ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும், கிடங்கைப் பூட்டுவதற்கு முன்னால், ஒரு சுத்தமான கொட்டாங்கச்சியில் பிராந்தி எடுத்துத் தேங்காய்க்குக் கீழே வைத்தேன். எந்தப் பீப்பாயிலிருந்து எடுப்பது என்று யோசித்தேன். நத்து காரியங்களுக்கு இங்கே ஒன்பதுதான் ராசியான எண். ஒன்பதாம் பீப்பாய் தூணுக்குப் பக்கத்திலும் இருந்தது. இதைவிடத் தெளிவாக எந்தத் தெய்வமும் உத்தரவு கொடுக்காது.

சனிக்கிழமை காலையில் நான் வரும்போது கொட்டாங்கச்சி காலியாக இருந்தது. சுத்தமாக, துடைத்த மாதிரி.

எனக்குப் புல்லரித்தது. பெருமாள் ஐயாதான் தினமும் காலையில் முதலில் வந்து கிடங்கைத் திறப்பார். அவரிடம் காட்டினேன்.

“ஐயா, பாத்தீங்களா? நத்து எடுத்துக்கிட்டாரு.”

அவர் கொட்டாங்கச்சியைப் பார்த்தார். தேங்காயைப் பார்த்தார். “சக்தியுள்ள நத்துப்பா” என்றார். “விடாம செய்யி.”

விடாமல் செய்தேன். ஒரு வாரம்கூட நத்து மிச்சம் வைக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையில் எனக்கு மேலே ஒருவர் திருப்தியாக இருந்தார்.

ஐந்து மாதம் முடிந்து இரண்டாவது வாரத்தில் மலையிலிருந்து சயாமா கைப்பேசியில் கூப்பிட்டார். அடுத்த சனிக்கிழமை சிங்கப்பூர் ஹோட்டல்காரர்களுக்காக ருசி பார்க்கிற ஒருவர் வருகிறார். அவர் சரி என்றால் வருஷா வருஷம் வாங்குவார்கள். பீப்பாய்களை அளந்து சொல்ல வேண்டும். அளவுகோல் பெட்டியில் இருக்கிறது.

“முதலில் ஒன்பதாம் பீப்பாயைத்தான் கொடுக்கப் போகிறேன். அப்பா தன் கையால் நிரப்பிய கடைசிப் பீப்பாய் அது” என்றார். பிறகு, “எல்லாம் இரண்டு விரல் இறங்கியிருக்கும். அது நத்தின் பங்கு. மரம் மூச்சு விடும்போது காற்றோடு போகிறது, அந்தத் துளை வழியாக. இரண்டு விரலுக்கு மேல் இறங்கியிருந்தால் அது நத்து இல்லை, மனிதன். போன காவல்காரரை அதற்காகத்தான் அனுப்பினேன்.”

நான் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே தேங்காயைப் பார்த்தேன். தேங்காய் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அளந்தேன். இருபத்து மூன்று பீப்பாய் இரண்டு விரல். ஒன்பது, நாலரை விரல்.

“எல்லாம் ரெண்டு விரல்தான் சயாமா” என்றேன்.

நத்து காற்றில்தான் குடிக்கிறது என்றால் கொட்டாங்கச்சியைக் காலி செய்தது யார் என்ற கேள்வி அப்போதே எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நத்து இரண்டு வழியிலும் எடுத்துக்கொள்கிறது என்று நினைத்தேன். ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் சொச்சம் இருந்தது. செல்விக்கும் எனக்கும் நடுவில் இரண்டரை விரல் பிராந்தி.

குறைந்ததை நிரப்பிவிட்டால் தீர்ந்தது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். (கொதிக்க வைக்காத தண்ணீரை ஊற்ற மனம் வரவில்லை. சிங்கப்பூர்க்காரர் வயிறு கெட்டுவிட்டால்?) கண்ணாடிக் குழாயில் எடுத்துப் பார்த்தேன். நிறம் வெளுத்திருந்தது. நிறத்துக்கு என்ன செய்வது? டீக்கடையில் எட்டு வாரம் வேலை பார்த்தவன் நான். தேன் நிறத்துக்கு டீத்தண்ணீர் காய்ச்ச எனக்குத் தெரியாதா? என் அறையில் கூட இருந்த தங்கராசுவிடம் ஒரு பாத்திரம் இரவல் வாங்கி, ஷான் டீத்தூளைப் போட்டுக் கடுமையாகக் காய்ச்சி வடிகட்டி ஊற்றினேன். நிறம் வந்துவிட்டது. ஆனால் டீ கசக்குமே என்று கொஞ்சம் கருப்பட்டியும் கரைத்து ஊற்றினேன். குடிக்காதவன் என்பதால் ருசி பார்க்க முடியாது. கண்ணால் பார்த்தேன். கண்ணுக்கு முதல் தரமாக இருந்தது. வரிசையிலேயே அதுதான் அழகான பிராந்தி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று நத்துக்கு இரண்டு கொட்டாங்கச்சி வைத்தேன். கலப்படம் செய்ததைத் தெய்வத்துக்கு வைக்கக் கூடாது என்று நிரப்புவதற்கு முன்பே ஒன்பதிலிருந்து அசல் பிராந்தியைக் கொஞ்சம் எடுத்து மூடி வைத்திருந்தேன். எனக்கும் ஒரு ஒழுங்கு உண்டு.

சனிக்கிழமை காலை இரண்டும் காலி.

சயாமா வந்துவிட்டார். இங்கிலீஷ் பேச வேண்டிய அவருடைய மருமகன் மட்டும் லாரியோடு வழியில் நின்றுவிட்டான். ருசி பார்க்கிறவர் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. உள்ளே நுழைந்ததும் நின்று, மூக்கை உயர்த்தி, கொசுவர்த்தி எங்கே எரிகிறது என்று இங்கிலீஷில் கேட்டார். கொசுவர்த்தி இரண்டு கட்டடம் தள்ளி எரிந்துகொண்டிருந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அதற்கு நேரம் இருக்கவில்லை. அவர் என் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்துவிட்டு, “தம்பி தமிழா?” என்றார். புதுச்சேரிக்காரராம், பெயர் லூர்துநாதன். சயாமாவின் முகம் மலர்ந்தது. “மாங் மியோ, நீயே மொழிபெயர்.” முறையாகப் பார்த்தால் பெருமாள் ஐயாதான் மொழிபெயர்க்க வேண்டும். இரண்டு மொழியும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். ஆனால் அவர் காலையிலிருந்து வாயையே திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், பல்வலி என்று.

நான் ஒன்பதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். லூர்துநாதன் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். நின்றார். வாயில் ஒரு துளி விட்டுச் சுழற்றித் துப்பினார். கண்ணை மூடினார்.

“தம்பி, முதலாளியம்மா கிட்டச் சொல்லுங்க. இதுல டீ இருக்கு.”

“என்ன சொல்கிறார்?” என்றார் சயாமா.

“நிறம் ரொம்பப் பிரமாதம் என்கிறார் சயாமா.”

சயாமா தலையசைத்து, பழ வாசனை எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். நான் லூர்துநாதன் பக்கம் திரும்பினேன். “அம்மா கேக்குறாங்க, பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சான்னு.”

“பயணத்தப் பத்தி அப்புறம் பேசலாம். மலை டீ இது. ஒரு கொதி அதிகமா விட்டிருக்காங்க. அப்புறம் கருப்பட்டி. இதையும் சொல்லுங்க.”

“இயற்கையான இனிப்பு என்கிறார்.”

பெருமாள் ஐயாவின் கண்கள் விரிந்தன. வாய் மட்டும் இறுக மூடியே இருந்தது.

லூர்துநாதன் இன்னொரு முறை முகர்ந்தார். இந்த முறை ரொம்ப நேரம். நெற்றி சுருங்கியது. “இது என்னன்னு பிடிபடல… இருங்க. பெருங்காயம்!” என்றார். “முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் தம்பி. பிராந்தியில பெருங்காயத்த இன்னைக்குத்தான் பாக்குறேன். ரசம் வச்ச சட்டியில காய்ச்சியிருக்காங்க.”

தங்கராசு தினமும் ரசம் வைக்கிறவன். எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

“கடைசியில் நாக்கில் ஒரு சிறப்பான காரம் நிற்கிறதாம்” என்றேன் சயாமாவிடம்.

“அப்படியானால் ஏன் கோபமாக இருக்கிறார்?”

“தமிழர்கள் ரசித்தால் முகம் அப்படித்தான் இருக்கும் சயாமா.”

“எத்தனை பீப்பாய் வேண்டும் என்று கேள்.”

“அம்மா கேக்குறாங்க, காலையில சாப்பிட்டீங்களான்னு.”

“பெருங்காயத்தப் பத்திக் கேளுங்க தம்பி!”

“என்ன சொல்கிறார்?”

இந்தப் பேச்சை எப்படியாவது முடிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், “ஒன்பதாம் பீப்பாய் முழுவதும் அவருக்கே வேண்டுமாம்” என்று சொல்லிவிட்டேன்.

சயாமாவின் கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியதைப் பார்த்தேன். எழுந்து வந்து லூர்துநாதனின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, “என் அப்பா நிரப்பியது” என்றார். தப்பை ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்து, “பரவால்லம்மா, யாரோ செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார் லூர்துநாதன். அந்த ஒரு நிமிஷம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மிகவும் மதித்தார்கள். பிறகு சயாமா பெருமாள் ஐயாவைப் பார்த்து, “ஒன்பதுக்கு அரக்கு வைத்து அவர் பெயரை எழுதுங்கள்” என்றார்.

பெருமாள் ஐயா அரக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கட்டிய பீப்பாய், இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த இடம். அவரால் முடியவில்லை. வாயைத் திறந்துவிட்டார்.

“அடப்பாவி முருகேசு! சொல்லித் தொலடா உண்மைய!”

பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போன லூர்துநாதன் அப்படியே நின்றார். மூக்கு முதலில் திரும்பியது, பிறகு அவர் திரும்பினார். நேராகப் பெருமாள் ஐயாவிடம் வந்து, “பெரியவரே, கொஞ்சம் ஊதுங்க” என்றார்.

பெருமாள் ஐயா வாயை மூடிக்கொண்டார். லேட்.

“இதுதான் ஒன்பது” என்றார் லூர்துநாதன். அன்று காலையில் முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது. “டீ இல்லாத ஒன்பது. அத்திப்பழ வாசன, பழைய மரம், கொஞ்சம் தேன்… அருமையான சரக்கு. இப்படித்தான் இருந்திருக்கணும். காலையில ஒரு அஞ்சு, அஞ்சரை மணிக்குச் சாப்பிட்டிருக்கார். தம்பி, இதையும் அம்மா கிட்டச் சொல்லுங்க.”

கொட்டாங்கச்சியைக் காலி செய்த நத்து யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாரா வாரம், துடைத்த மாதிரி. விடாமல் செய்யச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

இதைச் சொன்னால் பழியில் பாதி என் தோளிலிருந்து இறங்கிவிடும். ஆனால் இறங்குகிற இடம் செல்வியின் அப்பா தலை. நான் பர்மிய மொழியில் சொன்னேன்: “சயாமா, டீ நான் ஊற்றியது. கருப்பட்டி நான் கரைத்தது. பெருங்காயம் தங்கராசுவுடையது, அவனுக்குத் தெரியாது. நத்தின் பங்கை நான்தான் வெள்ளிக்கிழமைதோறும் கொட்டாங்கச்சியில் எடுத்து வைத்தேன். கழுவித்தான் வைத்தேன்.”

சயாமா தேங்காயைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த துளைகளைப் பார்த்தார்.

“பெருமாளிடம் இவர் என்ன சொன்னார்?”

“பல்வலிக்குக் கிராம்பு நல்லது என்கிறார்.”

சயாமா எழுந்து, பெருமாள் ஐயாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்று, மூச்சை இழுத்தார். மூன்று தலைமுறையாகப் பிராந்தி காய்ச்சுகிற குடும்பம். மூக்குக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை.

“இது அப்பாவுடையது” என்றார் மெதுவாக. இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இந்த இடத்தில் மட்டும் இன்றுவரை எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மத்தியானத்துக்குள் என் பன்னிரண்டாவது வேலை போயிற்று. பெருமாள் ஐயாவை அனுப்ப முடியாது; அனுப்பினால் பீப்பாய் ஒழுகும். மீதி இருபத்து மூன்று பீப்பாய்க்கும் அவர்தான் மொழிபெயர்த்தார், மூன்றடி தள்ளி நின்று, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு. லூர்துநாதன் அவற்றில் பத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒன்பதாம் பீப்பாயை மூலைக்குத் தள்ளி, சயாமா தன் கையாலேயே எண்ணை அழித்து ‘டீ’ என்று எழுதினாராம்.

எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒன்பது நாள் குறைந்தது.

நேராகச் செல்வியின் கடைக்குப் போய், கைப்பேசி ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அப்பா விஷயத்தைச் சொல்லலாமா என்று தயங்கினேன். அவளே கேட்டாள்: “அப்ப கொட்டாங்கச்சியில இருந்தத யாரு குடிச்சா?”

நான் கைப்பேசியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“சனிக்கிழமையானா காலையில வாய் நெறய ஏலக்கா மென்னுட்டு இருப்பாரே…” என்று ஆரம்பித்தவள், அப்படியே மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. கடைக்கு வந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். அவள் தலையைத் தூக்கியபோது சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்திருந்தது.

சாயங்காலம் என்னையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெருமாள் ஐயா வாயில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். இனி அதற்குத் தேவையில்லை என்பதை அவர் இன்னும் யோசிக்கவில்லை.

“ஏம்ப்பா, ஆறு மாசத்துக்கு ஒம்பது நாளுதானே கொறையுது?” என்றாள் செல்வி. “அத நத்தோட பங்குன்னு கழிச்சுக்கங்க.”

அவர் துண்டை எடுக்காமலே தலையை ஆட்டினார். நான் அன்றிலிருந்து அவரை மாமா என்று கூப்பிடுகிறேன்.

கல்யாணத்துக்குச் சயாமா வரவில்லை. ஒரு பாட்டில் அனுப்பினார். அதில் காகிதம் ஒட்டி, பேனாவால் ‘நத்தின் பங்கு’ என்று எழுதியிருந்தது. சத்தியம் இருப்பதால் நான் தொடவில்லை. மாமா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பெருங்காயம் இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்றார்.

பதின்மூன்றாவது வேலையில் நான் எட்டு வருஷமாக இருக்கிறேன். பார்சல் வண்டி ஓட்டுகிறேன், அதில் யாரும் எதையும் ருசி பார்க்க வருவதில்லை. வீட்டில் எண்ணெய் குறைந்தாலும், சர்க்கரை குறைந்தாலும், கைப்பேசியில் சார்ஜ் குறைந்தாலும் நத்தின் பங்கு என்போம். மாமாவுக்கு வீட்டில் பெயரே நத்து என்று ஆகிவிட்டது. என் மகளுக்கு அவருடைய இன்னொரு பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் தாத்தா என்ன வேலை பார்க்கிறார் என்று அவளுடைய சயாமா கேட்டிருக்கிறார். “எங்க தாத்தா நத்து” என்று சொல்லியிருக்கிறாள். நத்து இறங்கி அருள்வாக்குச் சொல்கிறவர் போலிருக்கிறது என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், சிவப்புத் துணி சகிதம் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்து, மாமாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். இடமாற்ற உத்தரவு வருமா வராதா என்று தெரிய வேண்டுமாம். தட்டில் ஒரு பிராந்தி பாட்டிலும் இருந்தது. டோ தான் நூ குடும்பத்துப் பிராந்தி.

மாமா மூடியைத் திறந்து, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தார்.

“வராது, தைரியமா போங்க” என்று அந்த அம்மாளிடம் பர்மிய மொழியில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார்:

“ஒம்பதாம் நம்பர் இல்லப்பா.”